மங்கில் ஆடிய தண்ணீர்

2005 ஜனவரியில் பள்ளி திறந்தபோது நான் ஐந்தாம் ஆண்டு. அதற்கு முந்தைய டிசம்பர் 26-இல் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் நடுங்கி, ஆழிப்பேரலை மலேசியாவின் பினாங்கு, கெடா கரைகள்வரை வந்து 60க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிருந்தது. சிகாமட்டில் நம் தோட்டத்துக்கும் கடலுக்கும் வெகுதூரம். இருந்தும் ராத்திரியில் தகரக் கூரை முனகினாலே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்துவிடுவோம்.

அறிவியல் வாத்தியார் பாடநூலைத் திறக்கவில்லை. ரப்பர் பால் பிடிக்கப் பால்மரத்தில் கட்டும் கிண்ணமான மங்கு ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைத்தார். செம்பனைக் குலை ஏற்றிய லாரி வேலியோரம் போனது. தண்ணீரில் வளையம் வளையமாக எழுந்தது. "மண் வழியாக வந்திருக்கிறது, பார்த்தீர்களா?" என்றார். பிறகு ஒரு நோட்டுக்கு அடியில் இன்னொரு நோட்டைத் தள்ளினார். மேல் நோட்டின் ஓரம் மடங்கி மடங்கி, தாங்காமல் சட்டென்று நிமிர்ந்தது. சுமத்ராவில் கடலடி நிலத்தட்டுகளுக்கு நடந்தது அவ்வளவுதான்.

அடுத்தது பயிற்சி. ஆறாம் ஆண்டு அண்ணன்கள் இருவர் மேசையைப் பிடித்து உலுக்க, நாங்கள் அடியில் புக வேண்டும். "குனி, புகு, பிடி!" மேசை நகர்ந்தால் அதன் காலைப் பிடித்தபடி நாமும் கூடவே நகரவேண்டும் என்பார். நான் பிடித்த காலில் யாரோ காம்பஸ் முனையால் பெயர் கீறியிருந்தார்கள். நம் பள்ளியின் இந்த மலரைப் படிக்கும் அண்ணன் எவரேனும் ஒப்புக்கொள்ளலாம்.

மேசை இல்லாவிட்டால் வாசல் நிலைக்குக் கீழே நில் என்றும் சொல்லித் தந்தார். அது மண்சுவர் வீட்டுக் காலத்து அறிவுரை. இன்றைய வீடுகளில் நிலைக்குத் தனிப் பலம் கிடையாது, கதவு வேறு வந்து அடிக்கும். அப்போது எனக்கென்ன தெரியும்? வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன்.

2016 நவம்பர் 14, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள். நியூசிலாந்தின் கைகோராவில் 7.8. வெல்லிங்டன் விடுதியில் எனக்கு விழிப்பு வந்தபோது ஏற்கெனவே மேசைக்கடியில் இருந்தேன், இரு கையும் அதன் காலில். "உங்கள் ஊரில்தான் நிலநடுக்கமே இல்லையே, எங்கே படித்தாய்?" என்று அறைத்தோழன் கேட்டான். மங்கு என்றால் என்னவென்று விளக்குவதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிட்டது.

இப்போது நியூசிலாந்திலேயே தொடக்கப்பள்ளி ஆசிரியர். அக்டோபரில் நாடு முழுக்க ஒத்திகை நடக்கும். மேசைக்கடியில் பிள்ளைகள் கிசுகிசுத்துச் சிரிப்பார்கள், நான் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பேன். மங்கு அளவுக்கு எடுபடுவதில்லை.

2025 ஆகஸ்ட் 24, விடியற்காலை. நம் சிகாமட்டிலேயே 4.1. பதறிப்போய் அம்மாவை அழைத்தேன்.

"டம்ளரெல்லாம் கிணுகிணுத்தது. நீ சின்னப் பிள்ளையில் சொன்னாயே, அப்படியே நிலைக்கடியில் போய் நின்றுகொண்டேன்."

"அது தப்பும்மா. மேசைக்கடியில்தான் போகவேண்டும்."

"என் முழங்கால் மேசைக்கடியில் மடங்குமா என்று உன் வாத்தியாரைக் கேட்டுச் சொல்."