பட்டன்... பட்டன்... பட்டன்...

ஏதாவது ஒரு அரசு செயலியைத் திறந்து, டாக்பேக்கை (திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் ஆண்ட்ராய்டு திரைவாசிப்பான்) ஆன் செய்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்திப் பாருங்கள். பல செயலிகளில் விரலை நகர்த்த நகர்த்த "பட்டன்... பட்டன்..." என்று மட்டும்தான் குரல் வரும். எது சமர்ப்பி, எது ரத்து? யாருக்குத் தெரியும்! ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சின்ன லேபிள் எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

நாம் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா கதை தனி. கோணல்மாணலாக நெளியும் எழுத்துகளைப் பார்வையற்றவர் எப்படிப் படிப்பார்? ஒலி வடிவமும் இல்லையென்றால் வாசலோடு சரி. அறிவிப்பை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாகப் போடுவது இன்னொரு கொடுமை. திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம்.

இணைய அணுகல்தன்மைக்கான, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்துவதற்கான, டபிள்யூசிஏஜி (WCAG) நெறிமுறை 1999லேயே வந்துவிட்டது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு வேண்டும் என்று 2008 பதிப்பு சொல்கிறது. நாம் இன்னும் வெள்ளையில் வெளிர்சாம்பல்!

வெளியிடும் முன் மாற்றுத்திறனாளிகளை வைத்துச் சோதியுங்கள். சும்மா இல்லை, சம்பளம் கொடுத்து.