அப்பாவின் குதிகால்

2025 ஜனவரி 6, திங்கள்

அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 286, 'நல்ல கொலஸ்ட்ரால்' என்கிற எச்.டி.எல். 42, ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 150, 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்கிற எல்.டி.எல். 214, மிக அதிகம். வயது 34, எடை 58 கிலோ. யாருடைய தாளோ மாறி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஜனவரி 9, வியாழன்

டாக்டரம்மா முதலில் அப்பாவைப் பற்றித்தான் கேட்டார். 47 வயதில் மாரடைப்பில் போய்விட்டார் என்றேன். அப்புறம் என் குதிகாலுக்கு மேலே அழுத்திப் பார்த்தார். "அப்பாவுக்கு இந்த இடம் தடிச்சு இருந்துச்சா தம்பி?"

இருந்தது. மில்லுக்கு நடந்து நடந்து காய்த்துப்போனது என்று நினைத்து, ராத்திரியில் அம்மா அதில் நல்லெண்ணெய் தேய்த்துவிடுவார். கொலஸ்ட்ரால் படிந்த தடிப்பாக இருந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. பேருந்தில் வரும்போது கண் கலங்கிக்கொண்டே இருந்தது. தினமும் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் அதிகம். அந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. கொலஸ்ட்ரால் பரம்பரையாக ஏறும் எங்களைப் போன்ற குடும்பங்களில் இதற்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது. ஏற்பிகளில் பாதிதான் வேலை செய்யும். மிஞ்சுகிற எல்.டி.எல். சின்ன வயதிலிருந்தே ரத்தக்குழாய்ச் சுவரில் சேர்ந்துகொண்டு வரும். வலிக்காது. அந்தப் படிவு ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்தால் மாரடைப்பு.

வாயைக் கட்டாததால் போனார் என்று அப்பாவின் சாவு வீட்டிலேயே பேசினார்கள். அவர் கறி சாப்பிட்டது மாதத்துக்கு ஒருநாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருக்கிறது. எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருப்பதாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. தேங்காய் எண்ணெயில் அது 90 சதவீதம் வரை, பாமாயிலில் ஏறத்தாழ பாதி. எங்கள் வீட்டில் இப்போது கடலை எண்ணெய், அதுவும் அளந்து.

மார்ச் 10, திங்கள்

அடோர்வாஸ்டாட்டின் மாத்திரை 40 மில்லிகிராம், எட்டு வாரம். எல்.டி.எல். 112. கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்வதை மாத்திரை குறைக்கிறது; பற்றாக்குறையைச் சரிக்கட்ட கல்லீரல் கூடுதல் ஏற்பிகளை வைத்து ரத்தத்திலிருந்து இழுக்கிறது. இன்னும் இறங்கணும் என்றார் டாக்டரம்மா. சரி, இறக்குவோம்.

மார்ச் 14, வெள்ளி

இந்த மரபணுப் பழுது பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தங்கை இரண்டு மாதமாக "எனக்கு ஒன்னும் இல்லண்ணே" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று அவள் காலைப் பிடித்து அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்குப் பாப்பாவையும் கூட்டிட்டு வரட்டுமாண்ணே?" என்றாள்.

ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.