வெட்சியா, உன்னியா?

வாசல் ஓரம் வண்ணத்துப்பூச்சி வருகிற மாதிரி ஒரு செடி வைக்கணும் என்று ரெண்டு வாரமாக யோசித்து, கடைசியில் சிவப்பு வெட்சி வாங்கி வந்துவிட்டேன், நம்ம இட்லிப்பூதான். நர்சரியில் உன்னிச்செடியைத்தான் காட்டினார்கள். பூச்சி அதற்கும் நன்றாக வரும், மறுக்கவில்லை. ஆனால் முதுமலைக் காட்டுக்குள் அது புதர் புதராகப் படர்ந்து கிடப்பதைப் பார்த்த பிறகு காசு கொடுத்து வாங்க மனசு வரவில்லை.

வெட்சிப் பூவின் குழல் மெல்லிசாக, நீளமாக இருக்கும். அடியில் இருக்கிற தேனை எட்ட வண்ணத்துப்பூச்சியின் சுருள் நாக்குதான் சரி. நல்ல வெயில் படுகிற இடமாகப் பார்த்து வையுங்கள், நிழலில் பூப்பது குறைவு.

அப்புறம், பூ மட்டும் போதாது, முட்டையிடவும் இலை வேண்டும். எங்கள் கறிவேப்பிலையில் போன வாரம் ஒரு புழு, பார்த்தால் அச்சு அசல் பறவை எச்சம்! நாலைந்து நாளில் தோல் உரித்துப் பச்சையாகிவிட்டது. லேசாகத் தொட்டேன், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு இரட்டைக் கொம்பை நீட்டியது, கூடவே ஒரு நெடி. கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு பறக்குமே, அந்த வண்ணத்துப்பூச்சியின் புழுதான் இது. அம்மா மருந்தடிக்கக் கிளம்பினார், கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். ரசத்துக்குப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

உங்கள் வீட்டில் எந்தச் செடிக்கு அதிகம் வருகிறது? சொல்லுங்கள், இன்னும் ஒரு தொட்டிக்கு இடம் இருக்கிறது.