டயருக்குள் கசகசா

என் அக்காவின் கணவர் கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்துகிறார். ஒரு பொருளை, அது விற்கப்பட்ட நிலையிலேயே பயன்படுத்துவது தன் தொழிலுக்கே இழுக்கு என்று நினைப்பவர். எங்கள் அக்கா வீட்டு மிக்ஸி மூடியில் பட்டறையில் கடைந்த பித்தளைக் குமிழ் இருக்கும். அதைத் தூக்கவே தனியாகச் சாப்பிட வேண்டும். அப்படிப்பட்டவர் புல்லட்டின் முன் சக்கரத்துக்குப் புது டயர் வாங்கியபோது, "மாட்டித் தரட்டுங்களா?" என்று கடைக்காரர் கேட்டதை அவமதிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, சோப்புத் தண்ணீரும் இரண்டு லீவரும் வைத்து வீட்டு வாசலில் தானே மாட்டினார்.

மாட்டிய மறுநாளே ஹேண்டில்பாருக்கு நடுக்கம் கண்டது. 60 வரை ஒன்றும் இல்லை. 80-ஐ நெருங்கினால் மணிக்கட்டு வரை அதிரும். பின்னால் வருவது லாரியா, கோயில் யானையா என்று பக்கக் கண்ணாடியில் பிரித்தறிய முடியாது.

சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்கும் வீல் பேலன்சிங் கடைக்கு இருவரும் போனோம். கணினி வைத்த இயந்திரம் இருந்தது. ஆனால் அது கார்ச் சக்கரத்துக்கானது. பைக் சக்கரத்தைப் பொருத்தும் உபகரணம் அவர்களிடம் இல்லை. "புல்லட் என்றால் நடுங்கத்தாங்க செய்யும்" என்று கடைப் பையன் ஆறுதல் சொன்னான். மாமா முகம் சிவந்தது. பத்து கிராம் எடை ரிம்மில் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் என்ன ஆகும் தெரியுமா என்று அவனுக்கு அங்கேயே வகுப்பெடுத்தார். கணக்கு சரிதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 19 அங்குலச் சக்கரம் நொடிக்கு 11 சுற்று சுற்றும். பத்து கிராம் அப்போது ஒரு கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு சக்கரத்தை மேலும் கீழும் இழுக்கும். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் 60-லேயே போங்கள் அண்ணா" என்றான். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. வெளியில் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் மாமா இரவெல்லாம் கைப்பேசியும் கையுமாக இருந்து மணிகளைக் கண்டுபிடித்தார். ரிம்மில் ஈயக்கட்டி ஒட்டுவதற்குப் பதிலாக, டயருக்குள்ளேயே பொடிப் பொடியான பீங்கான் மணிகளைப் போட்டுவிடுவது. ஓடும்போது அவை தாமாகவே லேசான பக்கம் போய் உட்கார்ந்து சக்கரத்தைச் சமப்படுத்திவிடுமாம். அமெரிக்காவில் பெரிய லாரிக்காரர்களே இதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள் என்றார். ஐரோப்பாவில் கார்ச் சக்கரத்துக்கு ஈய எடை போடுவதை 2005-லேயே தடை செய்துவிட்டார்கள், ஈயம் நஞ்சு, நாம்தான் இன்னும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்றும் சேர்த்துக்கொண்டார். ஈயத்தின் மேல் அவருக்கு அதற்கு முன் எந்தக் கோபமும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பொட்டலம் வந்தது. வெள்ளை வெளேரென்று, கசகசாவேதான். அக்காவின் சமையலறைத் தராசில் மாமா அதை 28 கிராம் நிறுத்துக்கொண்டிருந்தபோது அக்கா விலையைக் கேட்டாள். சொன்னார். "இந்தக் காசுக்கு அசல் கசகசாவே வாங்கியிருக்கலாம். குருமாவுக்காவது ஆகும்" என்றாள்.

"உன் துணி துவைக்கும் இயந்திரத்திலேயே இந்த வித்தை இருக்கிறது. தொட்டியின் மேல் விளிம்பில் ஒரு வளையம் இருக்கிறதே, அதற்குள் உப்புத் தண்ணீர் ஊற்றி அடைத்திருக்கிறான். துணி ஒரு பக்கம் ஒதுங்கினால் தண்ணீர் மறுபக்கம் போய்ச் சரிக்கட்டும். 1916-லேயே மொரீஸ் லப்ளான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் காப்புரிமை வாங்கிய சங்கதி" என்றார் மாமா.

"அதனால்தான் போர்வை போட்டால் குளியலறையை விட்டு நடந்து வெளியே வருகிறதா?" என்று கேட்டுவிட்டு அக்கா தராசைத் தரச் சொன்னாள்.

நானும் இயந்திரவியல் டிப்ளமோ படித்தவன். வங்கியில் உட்கார்ந்து நகைக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தாலும் படித்தது படித்ததுதானே. தத்துவம் பொய்யில்லை. சக்கரம் போதுமான வேகத்தில் சுற்றும்போது அச்சை நடுவாகக் கொள்ளாமல் தன் எடைமையத்தை நடுவாக வைத்துச் சுழலப் பார்க்கும். கனமான பக்கம் உள்வாங்கும். லேசான பக்கம் அகலமாகச் சுற்றும். உள்ளே கட்டில்லாமல் கிடக்கும் மணிகள் அகலமான பக்கத்துக்கு ஓடும். ஆனால் "போதுமான வேகம்" என்பதில்தான் வில்லங்கம். சக்கரத்துக்கென்று இயல்பான ஓர் அதிர்வு வேகம் உண்டு. அதைத் தாண்டாதவரை இதே மணிகள் கனமான பக்கத்துக்கே போய் நிலைமையை இன்னும் மோசமாக்கும். இதை நான் எடுத்துச் சொன்னபோது, "மாப்பிள்ளை, அந்த பாட்டிலைக் கொஞ்சம் பிடியுங்கள்" என்றார்.

வால்வு பின்னைக் கழற்றி, டியூபில் உள்ள காற்றை இறக்கிவிட்டு, சிறு பிளாஸ்டிக் குழாய் வழியாக மணிகளை உள்ளே தட்டிவிட வேண்டும். காணொளியில் ஒருவர் இரண்டு நிமிடத்தில் செய்கிறார். எங்களுக்கு மணிகள் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தன. உரசலில் உண்டாகும் மின்னூட்டம் என்றேன். குழாயை அதிரவிட்டால் இறங்கும் என்று மாமா தன் முகச்சவர இயந்திரத்தை எடுத்துவந்து, ஓடவிட்டு, குழாயின் மேல் வைத்துப் பிடித்தார். இறங்கியது. தெருவில் போனவர்கள் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு சக்கரத்துக்குச் சவரம் செய்வதை நின்று பார்த்தார்கள்.

வாசலில் கொஞ்சம் சிந்திவிட்டது. பக்கத்து வீட்டுக் கோழிகள் எங்கிருந்துதான் பார்த்தனவோ, ஓடிவந்து கொத்தத் தொடங்கின. கோழிக்கு அதனால் கேடில்லை. கல்லைத் தின்று இரைப்பையில் அரைத்துக்கொள்ளும் சாதி அது. மாமாவின் கவலையும் கோழியைப் பற்றியதல்ல. "எத்தனை கிராம் போயிருக்கும்?" என்று அந்தச் சிவப்புக் கோழியை உற்றுப் பார்த்தார். இனி அது எந்த வேகத்தில் ஓடினாலும் ஆடாது என்றேன். சிரிக்கவில்லை.

அன்று மாலையே நீலாம்பூர் புறவழிச்சாலைக்குப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர வந்து நின்றார். நடுக்கம் போயே போய்விட்டது. பின்னால் வந்த லாரியின் எண்ணையே கண்ணாடியில் படித்தாராம். அந்த எண்ணையும் ஒப்பித்தார்.

நான் ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான், ஹேண்டில்பார் அமைதியாக இருந்தது. ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும். காலையில் அவர் சும்மா இருக்க முடியாமல், ஹேண்டில்பார் திரும்புவதற்கான பேரிங்கான கோன்செட்டையும் இறுக்கியிருந்தார். டியூபைக் காலி செய்து திரும்பக் காற்றடித்ததில், அதுவரை கல்லாக அடித்து வைத்திருந்த காற்று முதல்முறையாகச் சரியான அளவுக்கு வந்திருந்தது. ஒரே நாளில் மூன்று மருந்து கொடுத்துவிட்டு எந்த மருந்தில் காய்ச்சல் விட்டது என்று எந்த வைத்தியரால் சொல்ல முடியும்? மணிகளை வெளியே எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமே என்றேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் நகைக் கடன் கொடுப்பவனுக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி இருந்தது.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது, சத்தம். வேகத்தில் மணிகள் டியூபின் உட்சுவரோடு அப்பிக்கொள்கின்றன. 80-ல் ஒவ்வொரு மணியும் தன் எடையைப் போல் சுமார் 160 மடங்கு விசையோடு அழுந்துகிறது. மணிக்கு 6, 7 கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும் பிடி விட்டுச் சலசலவென்று சரிகின்றன. காந்திபுரம் சிக்னலில் ஊர்ந்தால் சலசல. கேட்டைத் திறந்து வண்டியைத் தள்ளினால் சலசல. இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார் என்பது அக்காவுக்கு இப்போது தூக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. இந்தக் கண்டுபிடிப்பால் அவளுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, செட்டிப்பாளையம் சாலையில் முன் டயரில் ஆணி ஏறியது. ஒரு வேப்பமரத்தடிப் பங்சர் கடைவரை தள்ளிக்கொண்டு போனோம், சலசலவென்றுதான். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். டியூபை உருவி விரலால் நெருடிப் பார்த்தவர், "டியூபுக்குள் மண் எப்படிப் போனது?" என்றார். மாமா விளக்கத் தொடங்குவதற்குள் அவர் ஒட்டுப் போட்டு, சோதிக்கக் காற்றடித்து, வால்வைத் தன் பக்கம் பார்த்தபடி பின்னைத் திருகிவிட்டார். வெள்ளைப் பொடி சீறிக்கொண்டு அவர் மார்பிலும் மீசையிலும் பக்கத்தில் இருந்த தேநீர்த் தம்ளரிலும் விழுந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை அவர். தேநீரை மட்டும் உற்றுப் பார்த்தார்.

மாமா அமெரிக்க லாரிகளில் தொடங்கி லப்ளான் வரை வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே டியூபிலிருந்து மிச்ச மணிகளையும் ஒரு செய்தித்தாளில் உதறிக் கொட்டினார் கடைக்காரர். பிறகுதான் தெரிந்தது, அங்கே இருக்கும் 'கரி' என்ற மோட்டார் பந்தயத் தடத்தில் பல வருடம் டயர் மாற்றும் வேலை பார்த்தவராம். இரண்டு முக்காலிகளுக்கு நடுவே ஆக்சிலைத் தாங்கவிட்டு, டயரோடு சக்கரத்தை மெல்லச் சுழற்றிவிட்டார். ஆடி ஆடி நின்றது. அடியில் வந்த இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். திரும்பச் சுழற்றினார். அதே கோடு அடியில் வந்து நின்றது. அந்த இடத்தில்தான் வால்வு இருந்தது.

டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்தார். வால்வுக்கு நேர் எதிரே மங்கலான மஞ்சள் புள்ளி ஒன்று தெரிந்தது.

"டயரில் லேசான இடம் இதுதான் என்று கம்பெனிக்காரன் வைக்கிற பொட்டு இது அண்ணா. வால்வு இருக்கிற இடம் கனம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மாட்ட வேண்டும். நேர் எதிராக மாட்டியிருக்கிறார்கள். யார் மாட்டியது?"

மாமா சாலையில் போன பல்லடம் பஸ்ஸை அது மறையும்வரை பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

கடைக்காரர் டயரைத் திருப்பிப் பொட்டை வால்வோடு சேர்த்தார். மீண்டும் சுழற்றியபோது கொஞ்சமே கொஞ்சம் சாய்ந்தது. பக்கத்து மின்சாமான் கடையிலிருந்து சால்டர் கம்பி ஒரு முழம் வாங்கிவரச் சொல்லி, லேசான பக்கத்து ஸ்போக்ஸில் நெருக்கமாகச் சுற்றினார். இப்போது எங்கே நிறுத்தினாலும் சக்கரம் அங்கேயே நின்றது. மின்கம்பிகளைப் பற்றவைக்கும் அந்தச் சால்டர் கம்பியில் பொதுவாகக் கணிசமாக ஈயம் இருக்கும். ஐரோப்பாவைப் பற்றி மாமா எதுவும் சொல்லவில்லை.

பணம் கொடுக்கும்போதுதான் அவருக்கு உயிர் திரும்பியது.

"சரி அண்ணா, பொட்டு தப்பாகவே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு கோணலாக மாட்டிய சக்கரம் இத்தனை நாள் 80-ல் கொஞ்சமும் நடுங்காமல் ஓடியது. இவரும் ஓட்டினார், கேளுங்கள். அப்படியென்றால் அதைத் தாங்கிப் பிடித்தது யார்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நடுங்கவில்லை என்பது உண்மை என்பதால் தலையாட்டினேன். கோன்செட்டைப் பற்றியும் காற்றைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். மாமா என் காலை மிதித்தார்.

கடைக்காரர் சற்று நேரம் செய்தித்தாளில் குவிந்து கிடந்த மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை நான்காக மடித்து, சிந்தாமல் ரப்பர் வளையம் போட்டு, மாமாவிடம் கொடுக்காமல் தன் மரப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். மரத்தடியில் நின்ற தன் பழைய மொபெட்டைத் தாடையால் சுட்டிக்காட்டி, "இதற்கு எத்தனை கிராம் போட வேண்டும்?" என்றார்.