தங்கமும் சோறும்

பினாங்கு லிட்டில் இந்தியா நகைக்கடைகளில் எல்லாரும் "சேதாரம் எவ்வளவு அண்ணே?" என்றுதான் கேட்கிறார்கள். தங்கம் எப்படி எடுக்கப்பட்டது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்தோனேசியாவின் லொம்போக் தீவில், செகோத்தோங் பக்கம் சிறு சுரங்கக்காரர்கள் பாதரசம் சேர்த்துத்தான் தங்கம் பிரித்தார்கள். அரைத்த கல்லில் இருக்கும் பொன்துகளைப் பாதரசம் பற்றிக்கொள்ளும். அந்த உருண்டையைச் சுட்டால் பாதரசம் ஆவியாகும், தங்கம் மிஞ்சும். சரி, போன பாதரசம்? கொஞ்சம் காற்றில், கொஞ்சம் கழிவோடு வயலில்.

தண்ணீர் கட்டிய நெல்வயல் சேற்றில், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக்கிவிடுகிறது. விஷத்திலும் கொடிய விஷம். பயிர் வழியே நெல்மணிக்குள் ஏறி, தவிட்டோடு போய்விடாமல் வெள்ளை அரிசிக்குள்ளேயே தங்கும். களைந்தாலும் வேகவைத்தாலும் போகாது. பிள்ளைத்தாய்ச்சி சாப்பிட்டால் வயிற்றுக் குழந்தையின் மூளை வரை போகும்.

"மீன்லதானே பாதரசம், சோத்துலயுமா?" என்றாள் அக்கா. ஆமாம். ஆனால் இங்கே மலேசியாவில் கெடா மாநிலத்து அரிசி மூட்டையை யாரும் முறைக்க வேண்டாம். சுரங்கத்தை ஒட்டிய வயலில் விளைந்ததையே மூன்று வேளையும் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாதா ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தாயிற்று. பாதரசம் இன்னும் பல ஊர்களில் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.