25 லிட்டர் தொட்டியில் இழைப்பாசியும் வெள்ளைப் புழுக்களும்

என் மேசை மேலுள்ள சிறு கண்ணாடித் தொட்டியில் செர்ரி இறால் என்ற சிறு அலங்கார இறால்களும் ஜாவா மாஸ் என்ற நீர்ச்செடியும் ஓராண்டுக் காலம் நலமாக இருந்தன. பிறகு மாஸின் மேல் பச்சை இழைப்பாசி படரத் தொடங்கியது. நாள்தோறும் 10 மணி நேரம் விளக்கு எரிந்தது; போதாததற்குக் காலை வெயிலும் சன்னல் வழியே நேராகத் தொட்டியில் விழுந்தது. பழைய பல் பிரஷ்ஷை உள்ளே விட்டு முறுக்கினால் இழைகள் நூற்கண்டுபோல் சுற்றிக்கொண்டு வரும். ஆனால் எடுத்த இடத்திலேயே ஒரு வாரத்தில் மீண்டும் முளைத்தது. விளக்கை 6 மணி நேரமாகக் குறைத்து, சன்னலுக்குத் திரை போட்டு, நீர்ப்பரப்பில் பாதியை மூடும் அளவுக்கு சால்வீனியா என்ற செடியை மிதக்க விட்ட பின்னரே, ஐந்து வாரங்களில் அது அடங்கியது. பாசிக்கொல்லி எதையும் நான் ஊற்றவில்லை. அவற்றில் பலவற்றில் செம்பு இருக்கும், செம்போ இறாலுக்கு நஞ்சு.

பாசியைவிட என்னை வருத்தியது குஞ்சுகள் குறைந்ததுதான். தாய் இறால்கள் முட்டை சுமந்தும் குஞ்சுகள் கண்ணில் படவில்லை. விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து ஓரிரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது, கண்ணாடியில் வெள்ளைப் புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. கழிவைத் தின்னும் புழுக்கள் நூல்போல் மெலிந்து, நெளிந்து நீந்தும், அவற்றால் தீங்கில்லை. இவையோ சற்றும் நெளியாமல் கண்ணாடியோடு ஒட்டி வழுக்கிச் சென்றன. பூதக்கண்ணாடியில் அம்புமுனை போன்ற தலையும் இரண்டு கண்புள்ளிகளும் தெரிந்ததும், இறால் குஞ்சுகளைத் தின்னும் தட்டைப்புழுவான பிளானேரியா என்பதில் ஐயமில்லாமல் போயிற்று. இவற்றை நசுக்கவோ நறுக்கவோ கூடாது; துண்டுகளும் முழுப் புழுக்களாக வளர்ந்துவிடும்.

பிளானேரியாவுக்கென்றே விற்கப்படும் தூள் ஒன்று பாக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. பாக்கிலுள்ள அரிகோலின் ஒரு காலத்தில் நாய்களின் நாடாப்புழுவுக்கும் மருந்தாக இருந்தது. அதற்காகக் கொட்டைப்பாக்கைச் சீவித் தொட்டியில் போட எனக்குத் துணிவில்லை, அளவு பிடிபடாது. நான் பயன்படுத்தியது நாய்களுக்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தின் 150 மில்லிகிராம் மாத்திரை. அதை மையாகப் பொடித்துப் பத்துக் கூறாக்கி, ஒரு கூறை மட்டும், அதாவது 15 மில்லிகிராமை, தொட்டி நீர் நிரப்பிய சிறு புட்டியில் நெடுநேரம் குலுக்கி ஊற்றினேன். இந்தப் பொடி நீரில் எளிதில் கரையாது. இரண்டு நாளில் புழுக்கள் சுருண்டு அடியில் விழுந்தன. செத்தவை அழுகினால் அம்மோனியா ஏறும் என்பதால், அவற்றைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினேன். இறால் ஒன்றும் சாகவில்லை.

பாசிக்கும் புழுவுக்கும் தீனி போட்டது என் கைதான். இறால்களுக்கென்று தினமும் நான் இட்ட உணவில் பாதி மணலில் தங்கியது. இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறை மட்டுமே சிட்டிகையளவு இட்டு, இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுகிறேன். சென்னை கொளத்தூர் அலங்கார மீன் சந்தையில் வாங்கும் செடிகளும், புழு ஒட்டி வரலாம் என்பதால், முதலில் இரண்டு வாரம் தனி வாளியில்தான் இருக்கின்றன.

மருந்திடும் முன் வெளியே எடுத்த நெரைட் நத்தைகளை மட்டும் இன்னும் திரும்ப விடவில்லை. அந்த மருந்து அவற்றைக் கொல்லும். மணலில் நெடுநாள் தங்கவும் செய்யும். மூன்று மாதங்களாக அவை ஒரு கண்ணாடிக் குடுவையில் இருக்கின்றன.