மகளின் ஆறாயிரம் டாலர்

இங்கே அமெரிக்காவில் கல்லூரியில் சேரப்போகும் மகளுக்கு மார்ச் மாதம் இரண்டு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. என் கணவரின் கம்பெனி, ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கொடுப்பது 4,000 டாலர். நாங்கள் கணக்கு வைத்திருக்கும் கிரெடிட் யூனியன் (கூட்டுறவு வங்கி மாதிரி) கொடுத்தது 2,000. அந்த இரண்டாயிரத்துக்கு மூன்று கட்டுரை எழுதினாள். அதில் ஒன்று, மதுரையில் இருக்கும் பாட்டிக்கு வீடியோ காலில் ஜிபே சொல்லிக் கொடுத்த கதை. பாயசம் வைத்துக் கொண்டாடினோம்.

வெளியில் வாங்கும் ஸ்காலர்ஷிப்பைக் கல்லூரிக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னோம். அவள் ஆசைப்பட்ட தனியார் கல்லூரியிலிருந்து ஒரு வாரத்தில் திருத்திய கடிதம் வந்தது. கிராண்ட், அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத உதவிப் பணம், 56,000 டாலரிலிருந்து 50,000 ஆகியிருந்தது. 3,500 டாலர் லோனும், படித்துக்கொண்டே வேலை பார்த்துச் சம்பாதிக்கும் 2,500 டாலர் வொர்க்-ஸ்டடியும் அப்படியே இருந்தன. நாங்கள் கட்ட வேண்டிய இருபதாயிரத்தில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை.

போன் செய்தேன். கல்லூரியின் நிதியுதவியைப் பார்க்கும் எய்ட் ஆபீஸ் பெண்மணி பொறுமையாகத்தான் விளக்கினார். மொத்தச் செலவில் குடும்பம் கட்டக்கூடியது போக மிச்சம்தான் 'தேவை'. அதை ஏற்கெனவே முழுசாக அடைத்துவிட்டார்களாம். தேவைக்கு மேல் உதவி போகக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. சரி, அது நியாயம். ஆனால் எதை முதலில் குறைப்பது என்பது பெரும்பாலும் கல்லூரியின் இஷ்டம். இவர்கள் தங்கள் பணத்தைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பாட்டி கதை எழுதியது கல்லூரிக்காக என்று ஆகிவிட்டது.

இன்னொரு தனியார் கல்லூரி முதலில் லோனைக் கழிக்கும், அப்புறம் வொர்க்-ஸ்டடியை. அதன் பிறகுதான் கிராண்டில் கை வைக்கும். 3,500-ம் 2,500-ம் சேர்ந்தால் சரியாக 6,000. கடனும் வேண்டாம், வேலையும் வேண்டாம்.

எங்கள் மேரிலாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணக்கு வேறு. வெளி ஸ்காலர்ஷிப் வந்தால் அரசுக் கல்லூரிகள் தங்கள் உதவியைக் குறைப்பதற்கு 2017-லேயே சட்டம் போட்டுக் கடிவாளம் கட்டிய முதல் மாநிலம் இதுதான். அங்கே கொடுத்த உதவி தேவையை முழுசாக அடைக்காமல் 4,500 டாலர் துண்டு விழுந்திருந்தது. எங்கள் ஆறாயிரம் அதை அடைத்து, லோனிலும் 1,500 குறைத்தது.

இன்னொன்றும் கேட்டேன். இந்த ஸ்காலர்ஷிப்கள் ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் குறைத்த கிராண்ட் திரும்ப வருமா? முதல் கல்லூரியில், "பொதுவாக வரும்" என்றார்கள். எழுதித் தருவீர்களா என்றதும் பேச்சு மாறியது. எனக்கு அந்த இடத்திலேயே மனசு விட்டுப்போயிற்று. மகளுக்கு விட இரண்டு நாள் ஆனது. அவர்கள் நூலகத்தின் போட்டோதான் அவள் போனில் வால்பேப்பராக இருந்தது.

எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்ல மே 1 கடைசித் தேதி. ஏப்ரல் 30 ராத்திரி இரண்டாவது கல்லூரிக்கு டெபாசிட் கட்டினோம். அதற்குள் கணவர் கம்பெனியில் பேசி, 4,000-ஐ இரண்டு வருஷத்துக்கு இரண்டிரண்டாயிரமாகப் பிரித்துத் தரச் சம்மதிக்க வைத்திருந்தார். முதல் வருஷம் அதில் 2,000-மும் கிரெடிட் யூனியனின் 2,000-மும் சேர்ந்து 4,000 உள்ளே போனதில் லோன் முழுதும் அடிபட்டது, வேலையில் 500 கழிந்தது. மீதி 2,000 டாலருக்குக் கேம்பஸ் நூலகத்தில் வேலை கேட்டிருக்கிறாள். வால்பேப்பரையும் மாற்றிவிட்டாள்.